இடது பின்சக்கரம்

பின்சக்கர டிரம் பிரேக் சத்தம் போட்டால், பத்துக்கு ஏழு தடவை காரணம் வெறும் தூசிதான். டிரம்மைக் கழற்றித் துடைத்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூ பின்தட்டில் உரசும் இடங்களில் துளி கிரீஸ் வைத்து மாட்டினால் போய்விடும். இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறேன். அதனால் என் தங்கையின் கணவர் தன் பழைய வேனைக் கொண்டுவந்து, "மச்சான், பிரேக் பிடிச்சா பின்னாடி கீச்சுன்னு கத்துது, டக்குனு வேற ஒரு சத்தம்" என்று சொன்னபோது, இருந்த இடத்தைவிட்டு எழாமலே தூசி என்றேன்.

சொன்னதைச் செய்தும் கொடுத்தேன். அன்றைக்கு ஷூவை நான் உற்றுப் பார்க்கவில்லை என்பது உண்மை. தூசி என்று சொல்லியாகிவிட்டது, தூசியைத் தேடினேன், கிடைத்தது.

அந்த வேனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மேட்டுக் குடியிருப்பிலிருந்து பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பெண்களைக் காலையில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிப்போகும் வண்டி. என் தங்கையும் அங்கே பாக்கெட் போடும் பிரிவில்தான் வேலை பார்த்தாள். முன் இருக்கையில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவாள்.

ஒரு வாரத்தில் சத்தம் திரும்பிவிட்டது. என் தங்கை வேனைவிட்டு இறங்கி நேராகப் பட்டறைக்குள் வந்தாள். நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"அண்ணா, உன் தூசி இன்னும் கத்திக்கிட்டே இருக்கு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டா பாத்தே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலி தாங்காத ஆள் இல்லை நான்.

அதன்பின் அவர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பட்டறைக்குப் போனார்கள். அங்கே இருக்கும் மெக்கானிக்கைக் கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லையாம். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், முதல் பிரேக்கில் அந்த 'டக்' கேட்டது. "லைனிங் ஷூவை விட்டுக் கிளம்பியிருக்கு" என்று சொல்லிவிட்டார். வளைந்த இரும்பு ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனிங். பசை விட்டுப்போனால் வண்டி திசை மாறும்போதெல்லாம் அது நகர்ந்து இடிக்கும். தானே மாற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். என் தங்கைதான் வேண்டாம் என்றிருக்கிறாள். "அண்ணன் மனசு கஷ்டப்படும், அவர்கிட்டயே போவோம்." இது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

வியாழக்கிழமை வேன் என்னிடம் வந்தது. என் தங்கை கணவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். அவரு லைனிங்னு சொல்றாரு. நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

விட்டுவிட்டுப் போங்க மாப்ள என்றேன்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் டிரம்மைக் கழற்றினேன். பின் ஷூவில் லைனிங் ஒரு முனையில் எழும்பியிருந்தது. கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். தாராளமாக உள்ளே போனது. கண்ணாடிக்காரர் சொன்னது சரி. அதுவும் திறந்தே பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு.

அதே அளவில் புது ஷூ என் அலமாரியில் இருந்தது. நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அரை மணி நேர வேலை. ஆனால் மாற்றினால் என்ன இருந்தது என்று கேட்பார்கள். சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு தெருவுக்கும் தெரிந்துவிடும்.

அவர்கள் கேட்டது சத்தம் நிற்க வேண்டும் என்பதைத்தான். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்க உள்ளே ஒரு பற்சக்கரம் உண்டு. பழைய வண்டி, தானாக இறுகும் ஏற்பாடெல்லாம் கிடையாது. இரண்டு பக்கமும் அதைப் பின்னால் திருப்பினேன், பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஷூ டிரம்மைத் தொடாத அளவுக்கு. தொடாத பொருள் சத்தம் போடாது. அதே ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை அவர் என்றைக்கும் நம்பியதில்லை, சக்கரத்துக்கடியில் கட்டைதான் வைப்பார். அதனால் அந்தக் கவலையும் இல்லை.

மாலையில் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன மச்சான் இருந்துச்சு?"

"தூசிதான். அப்பவே சொன்னேன்ல."

"பெடல் மட்டும் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்கே?"

"ரெண்டு நாள்ல பழகிடும் மாப்ள."

என் தங்கை போன் செய்தாள். "மன்னிச்சுக்கண்ணா. அந்தாளு பேச்சைக் கேட்டு உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோம்" என்றாள். பரவாயில்லை என்றேன். பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டேன்.

பின்சக்கரங்கள் சும்மா இருந்தால் மொத்தப் பாரமும் முன் பிரேக்குக்குப் போகும். ஆட்கள் நிறைந்த வண்டி நீண்ட இறக்கத்தில் இறங்கினால் அது சூடேறிப் பிடியை விட்டுவிடும். தூசியா லைனிங்கா என்ற பேச்சு அடங்கட்டும், ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியைக் கூப்பிட்டு ஷூவை மாற்றிவிடலாம் என்று இருந்தேன். ஒன்பது நாள் போனது. யாரும் அந்தப் பேச்சை விடுவதாக இல்லை. பத்தாம் நாள் காலை, மேட்டிலிருந்து இறங்கும்போது இரண்டாவது வளைவில் வேன் தடுப்புச்சுவரில் மோதி உருண்டது. என் தங்கையும், பின் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களும் இறந்தார்கள். பதினொரு பேர் பிழைத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் என் தங்கை கணவர் இரண்டு காலிலும் கட்டோடு கிடந்தார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"உங்க தங்கச்சியை நானே கொன்னுட்டேன் மச்சான். இறக்கத்துல கியரைக் குறைச்சிருக்கணும். பழகிடும்னு நீங்க சொன்னீங்க, எனக்குத்தான் பழகத் தெரியல. என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டேன் மாப்ள. அழாதீங்க" என்றேன். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

பிறகு உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் டிரம்மைத் திறந்தார்கள். கருத்துக் கேட்கக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டீர்கள். அவர் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "பாவம், அவருக்கு டிரம் பிரேக் செட் பண்ணத் தெரியல. லைனிங் விட்டிருந்ததும் கண்ணுல பட்டிருக்காது. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு, பாத்து விட்டுடுங்க." எனக்காகப் பரிந்து பேசினாராம். நீங்களும் கவனக்குறைவு, போதிய தொழில் அறிவு இல்லாமை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று தாளை நீட்டினீர்கள்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். லைனிங் விட்டிருந்ததை நான் பார்த்தேன். பற்சக்கரத்தை எத்தனை பல் திருப்ப வேண்டும் என்று எண்ணித்தான் திருப்பினேன். அந்த இறக்கத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், முன் இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பாள் என்றும் தெரியும். கொலை என்று எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.