கலப்பு இலைப் பை

தேத்தண்ணீர் நன்றாக இருக்கிறது. சீனி மட்டும் கூடிப்போய்விட்டது, பரவாயில்லை. நீங்கள் சதுப்பைப் பற்றிக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். உங்களுக்கு முன் என்னை விசாரித்த பொலிஸ்காரர் அதைக் கேட்கவே இல்லை.

கண்டல் மரத்து இலைக்கு அவசரம் கிடையாது. உப்புச் சேற்றுக்குள் காற்றுப் போகாது. விழுந்த இலை உக்கி மண்ணாகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்த மெத்தை மாதிரி ஆகிவிடும். அதனோடு சதுப்பில் நிற்கிற மற்ற மரங்களான கண்ணா, தில்லை இலைகளும் கலந்து விழுந்தால் சீக்கிரம் உக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. சேறு சேறுதானே என்று பல்கலைக்கழகத்தில் கூடப் படிப்பிக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இலைகளை வலைப் பையில் போட்டுச் சேற்றில் புதைத்து, பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். பைகளைத் தைத்துத் தந்தவர் பிரான்சிஸ்கா அக்கா. தலைமன்னார்க் கரையில் கிழிந்த வலை பொத்திச் சீவிக்கிறவர். சண்டை முடிவதற்கு முந்தின வருஷம், அவருடைய மகன் பஸ்ரியன் நண்டு பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. காணாமல்போனோர் விசாரணை வைத்த இடமெல்லாம் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கும் சொல்வார்: "அவன் செத்திட்டான் எண்டு பூசை குடுக்கிறதோ, இல்லாட்டிப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ எண்டு தெரியாமக் கிடக்குது, சேர். அதொண்டு தெரிஞ்சாப் போதும்."

கண்டல் மட்டும் நின்ற இடத்தில் குழி தோண்டியபோது ஒரு சேட்டு வந்தது. பிறகு எலும்புகள். சேட்டு அநேகமாக முழுசாகவே இருந்தது. பொக்கற்றின் கிழிசலை வலை பொத்துகிற நைலோன் நூலால் இழுத்து முடிந்திருந்தது. என் பைகளின் வாயில் இருந்த அதே முடிச்சு. யாருடைய கை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அறிவித்திருக்கலாம். அறிவித்தால் நீங்கள் வருவீர்கள், நீதவான் வருவார், சதுப்பு முழுவதையும் கிண்டுவீர்கள். கிண்டிய சேற்றுக்குள் காற்றுப் போய்விடும். அதன் பிறகு அங்கே அளக்க ஒன்றும் மிஞ்சாது. செத்தவன் எப்படியும் எழும்பி வரப்போவதில்லை, என் பைகளோ பாதி வழியில் இருந்தன. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எலும்பை அங்கே விட்டுவைக்கவும் முடியாது. அதன் சுண்ணாம்பு பக்கத்துச் சேற்றின் அளவுகளைக் கெடுத்துவிடும். நீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கடலுக்கு ஓடுகிற வாய்க்காலில் விட்டேன். மரியாதையாகத்தான் விட்டேன்.

சேட்டு வேறு விஷயம். பருத்தித் துண்டைப் புதைத்து, எவ்வளவு உக்கியது என்று பார்ப்பது எங்கள் துறையில் வழக்கம். இதுவோ கண்டல் இலைக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தும் உக்காத துணி. இப்படி ஒன்றை எந்தக் கடையில் வாங்குவது? இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியைக் கண்டல் இலையோடும், பொக்கற் இருந்த பாதியைக் கலப்பு இலையோடும் வைத்தேன். அந்தப் பைகளையும் அக்காதான் தைத்தார். வாய் கொஞ்சம் அகலமாக வேண்டும் என்றேன், ஏன் என்று கேட்கவில்லை. அன்று மத்தியானம் மீன்குழம்பும் சோறும் தந்தார். சாப்பிடும்போது திரும்பவும் அந்தப் பூசைக் கதையைச் சொன்னார். எனக்கு அவரில் இரக்கம் இருந்தது. அதனால், "நம்பிக்கையை விடாதேங்கோ அக்கா" என்று சொன்னேன்.

முடிவு தெளிவானது. கண்டல் பையில் துணி கிடந்தது. கலப்பு இலைப் பையில் துணியே இல்லை.

கிழிந்த பைகளைப் பொத்தித் தரும்படி அவரிடம் கொடுத்தேன். நைலோன் உக்காது என்று யாருக்கும் தெரியும். ஆனால் என் கேள்வி பருத்தியைப் பற்றியது, நூலை நான் தேடிப் பார்க்கவில்லை. அவர் பையின் அடியில் இருந்து அதை எடுத்து மடியில் வைத்துச் சேற்றைத் துடைத்தார். முடிச்சுகள் பொக்கற்றின் மூலை வடிவத்திலேயே இருந்தன.

"இது நான் போட்ட முடிச்சு, சேர். எங்க எடுத்தனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன், வாய்க்காலில் விட்டதையும் சேர்த்து. பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் அழவில்லை. "அப்ப நான் என்னத்தைப் புதைக்கிறது?" என்று கேட்டார்.

மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது, நிறுத்து முடிந்ததும் தருகிறேன் என்றேன். எரித்து, மிஞ்சுகிற சாம்பலைத்தான் நிறுப்பது. அதைச் சொல்ல அப்போது வாய்க்கவில்லை. போன கிழமை எரித்தாகிவிட்டது.

என்னை நன்றி கெட்டவன் என்று கரையில் பேசிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதுதான் எனக்கு மனவருத்தம். கட்டுரையை வாங்கிப் பாருங்கள். நன்றியுரையில் முதல் பெயர் பிரான்சிஸ்கா அக்காவுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.