வேகவைத்த மாவு

— பைய கீழ வை அண்ணி. எங்க கெளம்பிட்ட?

— குன்றத்தூருக்கு. மூணு மணிக்கு பஸ்ஸு கீது. தமிழு கண்ணு முழிச்சிட்டான், பெத்தவ நீயும் வந்துட்ட. இனிமே இந்தக் கை அவன் மேல படக்கூடாது கங்கா.

— ஐயே, கத்தாத. நர்ஸம்மா பாக்கறாங்க. இப்பிடி பெஞ்சில குந்து. கம்பெனி லைன்ல நின்னுகினு இருந்தன், சூப்பர்வைசர் வந்து “உன் புள்ளய ஆஸ்பத்திரில சேத்துகிறாங்க”ன்னாரு. ஓடியாந்த மூச்சு இன்னும் அடங்கல. காலையில இன்னா ஆச்சி? மொதல்லேர்ந்து சொல்லு.

— இன்னாத்த சொல்றது? நீ அஞ்சரைக்கு ஷிப்டுக்குப் போயிட்ட. ஆறு மணிக்கு அவனுக்கு டாக்டரு குடுக்கச் சொன்ன சோளமாவ எடுத்தன். பச்ச மாவு, பச்சத் தண்ணி. கொழந்த மூஞ்ச சுளிச்சிகினு “வாணா அத்த”ன்னுச்சி. எனக்கு மனசு கேக்கல. நேத்து மழைல வேற நனைஞ்சிருந்தான். அடுப்பு மேல வெச்சி, கிண்டி, கஞ்சியா காச்சி ஊத்தனன்.

— வெல்லம் போட்டியா?

— ஒரு துண்டு. சின்னத் துண்டுதான்.

— அண்ணி!

— ரசிச்சிக் குடிச்சான் கங்கா. நான் வந்த மூணு மாசத்துல ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சது இன்னிக்குத்தான். பாத்த எனக்கே வயிறு நெறஞ்சிப்போச்சி. எட்டரைக்குப் பாத்தா வேத்து ஊத்துது, கை காலு வெட்டி வெட்டி இழுக்குது. டாக்டர் சீட்ட எடுத்துகினு, ஒரகடம் கூட்ரோட்ல கல்லு லாரிய மறிச்சி ஏறிகினு வந்தன்.

— வேகவெச்சா அந்த மாவு ஒடனே கரைஞ்சி ரத்தத்துல போயிடும் அண்ணி, அப்பறம் சீக்கிரமே சக்கர தீந்துடும். பச்சையா இருந்தாத்தான் மெதுமெதுவா நாலு மணி நேரம் தாங்கும். வெல்லம் அவனுக்கு ஆவவே ஆவாது, குளுகோஸ் மட்டுந்தான் ஆவும். படிச்சிப் படிச்சி சொன்னனே!

— சொன்ன. பச்ச மாவ மாடுதான் திங்கும், பச்சப் புள்ளைக்குப் போயி குடுக்கறாளேன்னு நான்தான் உள்ளுக்குள்ள உன்ன திட்டிகினே இருந்தன். பாவி நான்.

— நானும் வர்ற வழியெல்லாம் உன்னத்தான் திட்டிகினு வந்தன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா லாரில வர்றப்ப நீ கன்னத்துக்குள்ள குளுகோஸ் தடவிகினே வந்தியாமே? அது இல்லன்னா புள்ள தங்கியிருக்காதுன்னாங்க நர்ஸம்மா.

— அத வுடு. எம்பத்தஞ்சுல எம்புள்ள பாபு போனான். இப்ப தொண்ணுத்தொண்ணுல இவனும் போவப் பாத்தான். உங்கண்ணன் என்ன அனுப்பி வெச்சப்ப ஊரு சொன்னது சரிதான். பெத்த புள்ளயப் பட்டினி போட்டுக் கொன்னவதான் நானு. பைய குடு.

— குடுக்க மாட்டேன்.

— பஸ்ஸு போயிடும் கங்கா.

— போவட்டும்! உக்காருன்றன் இல்ல? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு மாசமா தொண்டைல மீன் முள்ளு கணக்கா நிக்குது. பாபுக்கு வயிறு எப்பிடி இருந்துச்சி?

— எதுக்கு இப்ப அதெல்லாம்?

— சொல்லு அண்ணி.

— பானையாட்டம். கன்னம் ரெண்டும் பொம்மையாட்டம் உப்பிகினு இருக்கும். காலு மட்டும் குச்சி. விடியங்காட்டி தொட்டா ஜில்லுனு வேத்துக் கெடப்பான், பாலு குடுத்தா எழுந்துக்குவான். அன்னிக்கு நான் அசந்து தூங்கிட்டன்.

— தமிழுக்கும் அதான அண்ணி? மெட்ராஸ் டாக்டரு படம் போட்டுக் காட்டனாரு. தின்றத ஈரல் சேத்து வெச்சிக்கும், பசிக்கறப்ப திருப்பிக் குடுக்கும். இவனுக்கு சேத்து வெச்சத குடுக்கவே மாட்டேங்குது. குதிரு நெறய நெல்லு, எடுக்கற வாய் மட்டும் அடச்சிகீது. அம்மா கிட்டேர்ந்து ஒண்ணு, அப்பா கிட்டேர்ந்து ஒண்ணு, ரெண்டு பக்கமும் கோளாறு சேந்தாத்தான் வருமாம். நாம பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க இல்ல? உனுக்கும் எங்கண்ணனுக்கும் பொறந்தது பாபு. எனக்கும் உன் தம்பிக்கும் பொறந்தது இவன். அதே ரெண்டு வூட்டு ரத்தம்.

— இன்னா சொல்ற நீ?

— நீ பட்டினி போடல. உன் கையில ஒரு குத்தமும் இல்ல. பாபுக்கு வந்தது இதே வியாதி.

— நான் பாலு குடுத்தன் கங்கா. அன்னிக்கு சாயங்காலம் கேவுரு கூழு கூட குடுத்தன். தலைல அடிச்சி சொன்னன், ஒருத்தரும் நம்பல.

— அழு. நல்லா அழுதுடு. யார் பாத்தா இன்னா?

— மூணு மாசமா தெரியும்ன்றியே. ஏன் சொல்லல?

— இரு, சொல்றேன். மொதல்ல இதக் கேளு. இவன் பெரியவனானா ஈரல்ல கட்டி வருமாம், சில பேருக்கு அது புத்துநோயாவும் ஆயிடுமாம். வருசா வருசம் படம் எடுத்துப் பாக்கணும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தபா மாவு, தூக்கத்துலயும் எழுப்பிக் குடுக்கணும். உன் தம்பி லாரி ஏறனா பத்து நாளு வூட்டுக்கு வர்றதில்ல. நீ போயிட்டா இந்தப் புள்ளய நான் ஒருத்தியா காப்பாத்த முடியாது அண்ணி.

— ஏன் சொல்லலன்னு கேட்டன்.

— உங்க வூட்டுல வேற புள்ள இப்பிடி செத்துகீதான்னு டாக்டரு கேட்டாரு. இல்லன்னுட்டேன். ஆமான்னு சொன்னா உன்கிட்ட சொல்லணும். உன்கிட்ட சொன்னா, மீதியையும் சொல்லணும்.

— இன்னா மீதி?

— அந்தப் பேச்ச ஊரு கெளப்பல அண்ணி. “புள்ளைக்கு சோறு போடாம கொன்னுட்டா”ன்னு எங்கண்ணன்கிட்ட மொதல்ல சொன்னது நான். என்ன செருப்பால அடி. ஆனா போயிடாத.

— தெரியும். காரியத்தன்னிக்கு நீ சொல்றப்ப கதவுக்கு அந்தாண்டதான் நின்னுகினு இருந்தன். அதுக்கோசரம் அஞ்சு வருசம் உன் வாசல மிதிக்கல. அப்பறம் காது குத்துல இவன் வயித்தப் பாத்தன், என் பாபு வயிறு. இவனும் போயிட்டா புள்ளயக் கொன்னவன்ற அதே பேர உனக்கும் வெச்சிடுவாங்களேன்னுதான் வந்தன் கங்கா.