துடைத்துக் கொடுத்த உத்திரம்

சுவரைக் கீழிருந்து மேலாகத்தான் கழுவ வேண்டும், ஐயா. எல்லாரும் மேலிருந்து ஆரம்பிப்பார்கள். காய்ந்த சுவரில் அழுக்குத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிவிட்டால், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வீட்டில் செய்து பாருங்கள், என் ஞாபகம் வரும்.

தொழிற்சாலைக் கூரைகளையும் சுவர்களையும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கழுவிக் கொடுப்பது என் குழுவின் வேலை. எண்ணெய்ப் புகை, தூசி, ஒட்டடை எல்லாம் சேர்ந்து இரும்பு உத்திரங்களின் மேல் மெத்தை போட்டுப் படுத்திருக்கும். அதை எழுப்பாமல் அடித்த பெயிண்ட் ஒரு மழை தாங்காது. ஆனால் கழுவியது யார் என்று எவரும் கேட்பதில்லை. பெயிண்ட் அடித்தவர்தான் வாசலில் நின்று கைகுலுக்குவார்.

நாங்கள் கழுவிய கட்டடங்களில் அப்படிக் கைகுலுக்கியவர் என் மனைவியின் அண்ணன். பெயிண்டர் என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும். 'மேற்பரப்பு நிபுணர்' என்று கார்டு அடித்து வைத்திருந்தார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று சாப்பாட்டு நேரம் முழுக்க விளக்குவார். கடைசியில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே வெள்ளையைத்தான் அடிப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அழுக்குப் போனதும் அடியில் இரும்பு என்ன கதியில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பவன் கழுவுகிறவன்தான். துரு தின்றுபோன இடத்தில் சிவப்பு மெழுகுக் குச்சியால் ஒரு பெருக்கல் குறி போடுவோம். பெயிண்டர்கள் நிற்கும் தொங்குமேடையின் கொக்கியை அங்கே மாட்டக் கூடாது என்று அர்த்தம். குறி இல்லையென்றால் தாராளமாக மாட்டலாம். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையே வேறு பேச்சே தேவைப்பட்டதில்லை.

நீங்கள் கேட்கிற அந்தக் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மச்சான் தொழிற்சாலை மேலாளரிடம் ஒரு புதுப் பெயிண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அழுக்கின் மேலேயே பிடித்துக்கொள்ளுமாம். இனிமேல் கழுவும் குழுவே வேண்டாமாம். அன்றைக்கு என் வீட்டுக்கே வந்து, என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, என்னிடமும் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே. ஈரத்துணி பிடிக்கிறதுக்கு ஒரு குழு, அதுக்கு ஒரு தலைவரா? கவலைப்படாதீங்க, உங்களை நானே சேர்த்துக்கிறேன். டப்பா கலக்க ஆள் வேணும்."

"இவருக்குப் பால் பவுடரையே கட்டி தட்டாம கலக்கத் தெரியாது" என்றாள் என் மனைவி. "இவரை நம்பிப் பெயிண்டைக் குடுத்துராதேண்ணே."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பால் பவுடர் விஷயம் உண்மைதான்.

மறுநாள் மேலாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மச்சான் அண்ணாந்து பார்த்தார். "அங்க என்ன மாப்ளே கிறுக்கல்? எனக்கு மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒரு புள்ளி தெரியக் கூடாது."

அவர் காட்டியது சங்கிலி உரசிய கரிக்கோட்டை. சிவப்புக் குறிகளைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு புள்ளி என்று அவர்தானே சொன்னார்.

ஆளைக் கூரை வரை தூக்கிவிடும் தூக்கு வண்டியில் ஏறிக் கரிக்கோட்டைத் துடைத்தேன். பிறகு கடைசி உத்திரத்துக்குப் போய், நானே போட்டிருந்த குறியையும் துடைத்தேன். மெழுகு லேசில் போகாது. தின்னர் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மற்ற குறிகளை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாமே போயிருந்தால் அவர் நின்று யோசித்திருப்பார். துரு தின்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வாளியில் கிடந்த பழைய அழுக்கை அள்ளி அதில் அப்பினேன். இத்தனை வருடத்தில் அழுக்கைத் துடைத்திருக்கிறேனே தவிர, பூசியது அந்த ஒரு தடவைதான். அதையும் சமமாகத்தான் பூசினேன்.

தொங்குமேடையை மாட்ட மச்சான் தூக்கு வண்டியில் மேலே போனார். கூட ஒரு பெயிண்டரும் போனார். புதிதாகச் சேர்ந்தவர், எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை பார்க்கிற மனிதர். குறி இருந்த இடங்களை ஒதுக்கி ஒதுக்கி, உத்திரம் உத்திரமாக நகர்ந்தார்கள். நான் கீழே நின்று வாளியைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

கடைசி உத்திரத்தில் கொக்கியைக் கையில் பிடித்தபடி மச்சான் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இங்க குறி ஒண்ணும் இல்லையே?"

"பாருங்க மச்சான். இருக்கா?"

"இல்லை."

"அப்ப இல்லை."

அவர் விரலால் உத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னய்யா, இங்க அப்படியே கருப்பா இருக்கு? துணியைத் தூரத்துலேர்ந்து காட்டிட்டு இறங்கிட்டீங்களா?"

"உங்க பெயிண்ட்தான் அழுக்கு மேலேயே பிடிக்குமே, மச்சான்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டுக் கொக்கியை மாட்டினார்.

இருவரும் வண்டியை விட்டு மேடையில் கால் வைத்தார்கள். இடுப்பு வாரை மேடைக் கம்பியிலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்படி மாட்டக் கூடாது; மேடை போனால் ஆளும் கூடவே போவார். நிபுணர்களுக்கு நான் என்ன சொல்வது?

சத்தம் போட எனக்கு நேரம் இருந்தது, ஐயா. இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடை உடனே இறங்கவில்லை. மச்சான் ரோலரை நனைத்துச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தார். தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. இரும்பு கிழிகிற சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

என் மனைவி என்னோடு பேசுவதில்லை. நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறாள். மச்சான் கேட்டார், இல்லை என்று பதில் சொன்னவரும் அவரேதான். நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கூடப் போன அந்தப் பெயிண்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவரை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிற ஒரே ஆள் அவர். ஆனால் குறியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஐயா. கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.