அரை மணி ஆகட்டும்

இந்த அறையின் மின்விசிறிக்குக் கண்டன்சர் போய்விட்டது, அதனால்தான் இப்படி முக்கி முனகிச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது காதில் விழாமல் இல்லை. பழக்கம் அப்படி. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், நிதானமாகவே சொல்கிறேன்.

மொட்டை மாடியில் சோலார் போட்டது என் கணவரின் அக்காவுக்காக. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நுரையீரல் கெட்டு, தனியாக இருக்க முடியாமல், தம்பி வீட்டுக்கு வந்தார். கட்டிலின் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க ஓட வேண்டும். பகலில் அடிக்கடி கரண்ட் போகும் என்பதால் சோலார், பேட்டரி, இன்வெர்ட்டர்.

மாட்டிய மறு வாரமே இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தியது. ஓவர்லோடு. தாங்க முடியாத சுமை வந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மனிதர்களுக்கு அந்தப் புத்தி வருவதில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் ஆறு சுவிட்சுகள் கொண்ட பலகை. ஒவ்வொன்றின் கீழும் மார்க்கரால் எழுதினார்: ஹால், ஃப்ரிட்ஜ், மோட்டார், பின் அறை, தையல், டீச்சர். வீட்டில் யாரும் எழுந்து வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்லக்கா. ஒண்ணை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, மத்ததையெல்லாம் அரை மணி நேரம் ஓட விடுங்க. கத்தலைன்னா நீங்க ஆஃப் பண்ணினதுதான் திருடன். கத்திச்சுன்னா அதைத் திரும்பப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. அவசரப்பட்டு யாரையும் பிடிச்சு உள்ள வைக்காதீங்க."

நான் சிரித்தேன். அந்த வீட்டில் எனக்கு ஒருவர் ஒன்றைப் பொறுமையாக விளக்கியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அடுத்த முறை அது கத்தியபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே என்னுடையதாக இருந்த மிஷின் அது. மத்தியானம் இரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தால் நான் யாருக்கும் எதுவும் இல்லை. டீச்சர் கட்டிலிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எனக்கு மூச்சு போகுது, உனக்குத் துணி தைக்கணுமா? தைச்சு என்ன கோட்டை கட்டப் போற?"

கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் செய்துகொள் என்றார் கணவர். மிஷின் பரணுக்குப் போனது. தையல் சுவிட்சின் மேல் அவரே டேப் ஒட்டினார். மூன்றாம் நாள் இன்வெர்ட்டர் மறுபடியும் கத்தியது. பின் அறையை நிறுத்தினார்கள். அது நான் படுக்கும் அறை, அந்தக் கோடையில் விசிறியில்லாமல் படுத்தேன். அப்போதும் கத்தியது. மிஷினை இறக்கித் தருவார்கள் என்று காத்திருந்தேன். அந்த ஞாபகம் யாருக்கும் வரவில்லை. திருடனை யாரும் தேடவே இல்லை, வீட்டில் ஊமையாக இருந்தவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் சொன்ன முறையை நான் மட்டும் விடவில்லை. ஹாலை நிறுத்தி அரை மணி பார்த்தேன், கத்தியது. ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன், கத்தியது. மிச்சம் இரண்டு. மோட்டாரைத் தொடக் கூடாது, தொட்டி காலியானால் டீச்சர் குளிக்கத் தண்ணீர் இருக்காது என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறாவது சுவிட்சைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பரணிலிருந்து மிஷினை நானே இறக்கித் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். தையல் சுவிட்சின் டேப்பை உரித்தேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்று பத்துக்கு ஆறாவது சுவிட்சை இறக்கினேன்.

கரண்ட் நின்றால் ஆக்சிஜன் மெஷின் கூவுமே என்கிறீர்கள். கூவும். அந்தச் சத்தம் தலைவலி தருகிறது என்று டீச்சர்தான் அதன் வாயில் பஞ்சு வைத்து டேப் ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் அன்று காலையில் நிரப்பப் போயிருந்தது. அதையும் அனுப்பியது நான்தான். அதில் பாதிக்கு மேல் இருந்தது.

டீச்சரிடம் ஒரு கைமணி உண்டு. அடித்தார். தைக்கும் சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. ஒரு தலையணை உறையின் மூன்று பக்கத்தை முடித்திருந்தேன். தையல் நேராக வந்திருந்தது, இத்தனை மாதம் ஆகியும் கை மறக்கவில்லை.

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் தொட்டியில் தண்ணீர் குறைந்து மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. உடனே இன்வெர்ட்டர் கத்தியது. சிவப்பு விளக்கு. ஆறாவது சுவிட்ச் இறங்கியிருக்கும்போதே.

ஆக, திருடன் டீச்சர் இல்லை. மோட்டார்தான். அதன் கண்டன்சர் பழுது, கிளம்பும்போது அளவுக்கு மேல் இழுத்திருக்கிறது. இந்த விசிறிக்கு வந்த நோய்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

தையல் மிஷினும் நின்றுவிட்டதால் வீடு அமைதியானது. மணி நன்றாகக் கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. அரை மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. சொன்னபடி அரை மணி ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நாலாவது பக்கத்தைக் கையாலேயே தைத்தேன்.

இப்போது நீங்கள் நீட்டும் இந்தத் தாளைப் படித்தேன். மெக்கானிக் ஒயரிங்கைத் தவறாகச் செய்ததால் மெஷின் நின்று டீச்சர் இறந்துபோனார் என்று எழுதியிருக்கிறது. என் கணவர் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடமும் கெஞ்சினார், "நீ கையெழுத்துப் போட்டா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று. ஒரு வருடத்தில் அவர் என்னைக் கெஞ்சிக் கேட்ட ஒரே விஷயம் இது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அந்த வீட்டுக்குப் பழக்கம்தான்.

பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் போட மாட்டேன். அந்த மெக்கானிக் மேல் ஒரு குற்றமும் இல்லை. கத்தினால் திரும்பப் போட வேண்டும் என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.