ஒரு கெஜம் பாக்கி

“பால் வேண்டாம் மேடம், கடுங்காப்பியே போதும். என்ன கேட்டீங்க, அந்தச் சங்கிலி எவ்வளவு நீளம்னா? பத்து கெஜம். ஒரு அங்குலம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

உங்கள் முகத்தைப் பார்த்தால் இது அவ்வளவு முக்கியமான தகவலாகத் தோன்றவில்லை என்று தெரிகிறது, மிஸ் டலட். ஷெரிஃப் அலுவலகத்தில் பதினோரு வருடமாக விசாரணை அதிகாரி, ஐஸ் ஹாக்கி தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. வெண்டல் ஓக்ஸ் எங்கேயும் எழுந்து போய்விடப் போவதில்லை.

அவன் பன்னிரண்டு நாளாக மருத்துவமனையின் நான்காவது மாடியில் கிடக்கிறான். கழுத்தைச் சுற்றி இரும்பு வளையம். வியாழக்கிழமை மருத்துவர்கள் அவன் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்க்கப் போகிறார்கள். உணர்ச்சி இருந்தால் நடக்க ஒரு வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் இருபத்து மூன்று வயதில் சக்கர நாற்காலி. அதற்கு முன்னால் இந்த வாக்குமூலத்தைத் தனக்கு முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று அவன் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. தெளிவாகவே சொல்கிறேன்.

என் பெயர் லெனர்ட் ஷிமான்ஸ்கி. வாரநாட்களில் கவுண்டி நிர்வாகத்துக்காக நிலம் அளக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் சங்கிலி பிடிக்கிறேன். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கெஜத்தைக் காட்டுவதுதான் எங்கள் வேலை. இரண்டு கம்பங்கள், நடுவில் சங்கிலி. பின்கம்பத்தை கஸ் பிடிப்பான், முன்கம்பத்தை நான். கஸ் வாரநாட்களில் பல் மருத்துவன். பத்தொன்பது வருடம் நாங்கள் பத்து கெஜ இடைவெளியில் வாழ்ந்திருக்கிறோம். என் திருமணத்தைவிட அது நீண்டது.

எங்களுக்கு ஒரே ஒரு விதிதான் கடுமையானது. கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது. ஊர் அணிக்கு நாங்கள் யாருமில்லை. கஸ்ஸுக்கு முன்னால் கம்பம் பிடித்தவர் ஒருமுறை முஷ்டியை மடக்கி லேசாகக் காற்றில் குத்தினார். அடுத்த வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தார்.

இப்போது கோச் ஸ்லோகம். ஏழு வருடமாக எங்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். நல்ல மனிதர், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போவார், நாய்களிடம் அன்பாக இருப்பார். ஒரு கெஜம் மட்டும் பாக்கி இருக்கும் நேரங்களில்தான் அவருக்கு மூளை இருப்பது மறந்துபோகும்.

ஒரு கெஜம், மேடம். இந்த மேசையின் நீளம்கூட இல்லை. பக்கவாட்டில் ஓடலாம். தூக்கி எறியலாம். எறிவதுபோல் காட்டி ஓடலாம், ஓடுவதுபோல் காட்டி எறியலாம். கோச் ஸ்லோகம் ஓட்டக்காரனிடம் பந்தைக் கொடுத்து நடுவில் முட்டச் சொல்வார். எதிரணியின் மிகப் பருமனான ஆட்கள் சுவராக நிற்கும் அதே நடுவில். எப்போதும் இடதுபக்க இடுக்கு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க பந்தை வாங்குகிறவன் கூவுவான், எப்போதும் அந்த இரண்டாவது கூவலில் பந்து கைமாறும். இதைச் சொல்லும்போது பிளாஸ்டிக் அட்டையால் வாயை மறைத்துக்கொள்வார், உதட்டசைவைப் படித்து யாரும் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாதாம். எழுபதாயிரம் பேருக்கும், பியரோகிக் கொழுக்கட்டை விற்கும் டோரிஸுக்கும், வெளியே வண்டி நிறுத்தத்தில் சாசேஜ் சுடுகிறவனுக்கும் தெரிந்த ரகசியம்.

பந்து கோட்டை எட்டியதா என்று நடுவருக்குச் சந்தேகம் வந்தால்தான் நாங்கள் மைதானத்துக்குள் போவோம். ஆட்டக்காரர்களின் மூச்சுக்காற்று முகத்தில் படும் தூரத்தில் மண்டியிட்டுச் சங்கிலியை இழுத்துப் பிடிப்போம். அப்போதெல்லாம் கஸ் உதட்டை அசைக்காமல் கேட்பான்: “லென், என்ன பண்ணுவார்னு பந்தயம் கட்டலாமா?”

“எதுக்கு? நீயும் அதையேதான் சொல்லப் போற.”

ஒரு விஷயம் மட்டும் எனக்கு மட்டுமே தெரியும். நாங்கள் நிற்பது விருந்தாளி அணியின் பக்கம், அதனால் கோச் ஸ்லோகத்தின் முகம் எனக்கு நேர் எதிரே. நடுவில் முட்டச் சொல்லப் போகிறார் என்றால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அடுத்து நடக்கப் போவதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட இது தவறியதில்லை. அளப்பவன் என்பதால் நான் இதையெல்லாம் குறித்து வைப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு நவம்பரில், அளந்து முடித்துக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று நக்கலாகக் கேட்டான்: “என்ன பெருசு, உங்காளு அட்டைக்குப் பின்னாடி அப்படி என்னதான் ஓதுறாரு?”

கோச் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். நான் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். “நடுவுல. இடது இடுக்கு. ரெண்டாவது கூவல்.”

கம்பமே வாய் திறந்து பேசிவிட்டதுபோல் அவன் என்னைப் பார்த்தான். இரண்டாவது கூவலில் தரையிலிருந்து எழும்பிச் சுவருக்கு மேலாகப் பாய்ந்தான். எங்கள் ஓட்டக்காரன் நின்ற இடத்திலேயே மடங்கினான். ஸ்டேடியம் முழுக்க ஊளையிட்டது. எனக்குள் பதினாறு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. முகத்தில் நான் எதையும் காட்டவில்லை.

இதை நீங்கள் காட்டிக்கொடுத்தல் என்று எழுதக் கூடும். நான் அதைப் பாடம் நடத்துதல் என்று நினைத்தேன். தோற்றால் அவர் யோசிப்பார். யோசித்தால் மாற்றுவார். காசுக்காக நான் செய்யவில்லை. யாராவது கொடுக்க வந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஆனால் ஆட்டம் முடிந்து கோச் ஸ்லோகம் நிருபர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? “பசங்க இன்னும் வேகமா முட்டணும். அவ்வளவுதான்.”

ஆகவே பாடம் தொடர்ந்தது. மூன்று பருவங்கள், பதினான்கு முறை. அளக்கும்போது மட்டும், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம். வெண்டலுக்கு முன்னால் ஓட்டக்காரனாக இருந்த ஹோபர்ட் லின்னுக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்கியது, அது ஒன்பதாவது பாடம். பாவம், அவன் ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. இப்போது சொந்த ஊரில் டயர் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைக்கிறது, முன்பு அது அவனுக்குக் கிடைத்ததே இல்லை. இல்லை, அதற்குப் பிறகு நிறுத்தலாம் என்று நான் நினைக்கவில்லை. பாடத்தைப் பாதியில் விட்டால் மாணவனுக்குத்தானே நஷ்டம்.

பிறகு வெண்டல் வந்தான். நல்ல பையன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உடம்பைத் தளர்த்திக்கொண்டு எங்கள் பக்கமாக ஓடிவருவான். என்னைச் சிரிக்க வைப்பதாக அவனுக்கு ஒரு சபதம். “லென் சார், ஒரே ஒரு பல்லு. பாத்துட்டேன்னு அம்மாட்ட சொல்லணும்.” நான் காட்டியதில்லை. கஸ் பக்கம் திரும்பி, “டாக்டர், இவருக்குப் பல்லு இருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க” என்பான். கஸ் கம்பத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வான்.

இனி அந்த ஞாயிறு. டிசம்பர், ஏரியிலிருந்து காற்று ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு புள்ளி பின்னால், ஒரு நிமிடம் நாற்பது விநாடி பாக்கி. நாங்கள் என்றால் ஊர் அணி. எனக்கு அணி கிடையாது. கடைசி வாய்ப்பு. இந்த ஆட்டம் தோற்றால் கோச் ஸ்லோகத்தின் வேலை போய்விடும் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதியிருந்தன. நடுவர் அளக்கச் சொன்னார். மண்டியிட்டு இழுத்தோம். ஒரு கெஜத்துக்கும் கொஞ்சம் குறைவாகப் பாக்கி. என் தோளுக்குப் பக்கத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ப்ரூவிட் குனிந்து நின்றான். நூற்றுப் பத்து கிலோ. நான் என் ஐந்து சொற்களைச் சொன்னேன். அவனும் தலையாட்டினான். சங்கிலியின் மறுமுனையில் கஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று இரவே உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தது அவன்தான் என்று ஊகிக்கிறேன். ஊகிப்பது எனக்குக் கைவந்த கலை.

இரண்டாவது கூவலில் ப்ரூவிட் பறந்தான். வெண்டல் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்தபடி இடது இடுக்கில் பாய்ந்தான். ஆனால் பந்து அங்கே இல்லை. அதை வைத்திருந்தவன் கொடுப்பதுபோல் காட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து, தூரமாக எறிந்துவிட்டான். ஓரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தவன் அதைப் பிடித்து எல்லைக்கோடு வரை போனான். ஊர் வென்றது. எழுபதாயிரம் பேரும் அந்தக் கோடியைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறிந்த பந்து என்ன ஆனது என்று பார்க்க வெண்டல் கழுத்தைத் திருப்பியிருந்தான். ப்ரூவிட்டின் ஹெல்மெட் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. வெண்டல் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு ஷூ கழன்று தனியாகக் கிடந்தது. மற்றவர்கள் திரும்பிப் பார்க்க முக்கால் நிமிடம் ஆயிற்று. அதுவரை நான் கம்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். விதி அதுதான்.

நீங்கள் இப்போது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப கோச் கண்ணாடியக் கழட்டினாரா, மிஸ்டர் ஷிமான்ஸ்கி?”

கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, நடக்கப் போவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்போல் நின்றார்.

ஆமாம், பார்த்தேன். பார்த்த பிறகுதான் ப்ரூவிட்டிடம் பேசினேன். நடுவே மூன்று விநாடி இருந்திருக்கும். மூன்று விநாடியில் மனிதன் நிறைய யோசிக்கலாம். அவர் மாறிவிட்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் ஏழு வருடம் காத்திருந்தது இதற்காகத்தானே என்றும் தோன்றியது. ஆனால் அவர் ஜெயித்துவிட்டால், மறுநாள் ஊரே அவரைச் சாமர்த்தியசாலி என்று தூக்கிவைத்து ஆடும். அவரைப் பற்றி நான் அளந்து வைத்திருந்த அத்தனையும் பொய்யாகிவிடும். ஏழு வருடம் ஒரே காரியத்தைச் செய்தவர் ஒரு மாலையில் திருந்துவார் என்று நம்புவது எனக்குப் பொறுப்பற்ற செயலாகப் பட்டது. அதனால் வழக்கமான ஐந்து சொற்களையே சொன்னேன்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவர் எப்போதும்போல் நடுவில் முட்டச் சொல்லியிருந்தால் வெண்டல் தலையைத் தாழ்த்தி, தோளை முன்னால் கொடுத்து, தயாராகப் போயிருப்பான். ஹோபர்ட்டுக்கு ஆனதுபோல் ஒரு முழங்காலோடு முடிந்திருக்கும். எதிர்பாராத ஒன்றைச் செய்து அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் கோச் ஸ்லோகம். ஒரு மனிதர் ஒழுங்காக இருந்தால் அவரை நம்பி மற்றவர்கள் நடக்க முடியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று முன்தினம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஆமாம், நீங்கள் போகக் கூடாது என்று சொல்வதற்கு முன்பு. மிஸஸ் ஓக்ஸ் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சங்கிலிக்காரர் வந்திருக்கிறார் என்று அவன் காதில் சொன்னார். வெண்டலுக்குக் கண்ணும் வாயும் மட்டும் அசைகின்றன. என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. கஸ் உங்களிடம் பேசியது அவர்களுக்கு அன்றுவரை தெரியாது.

“லென் சார், பாத்தீங்கல்ல? பந்து என்கிட்டதான் இருக்குன்னு ப்ரூவிட் அப்படியே நம்பிட்டான். அந்த மாதிரி ஆள ஏமாத்துறது லேசுல்ல. என் நடிப்பு எப்படி?”

மிஸஸ் ஓக்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல நடிப்பு என்று நான் சொன்னேன். அவன் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், செவிலியர்களிடமும், தரை துடைக்கிறவரிடமும். தன் உடம்பு போனாலும் அது ஒரு நல்ல காரியத்துக்காகப் போனது என்பதுபோல. பிறகு, “இப்ப கையில கம்பம் இல்லல்ல சார்?” என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை நேரம் முடிந்தது என்று செவிலி வந்து சொன்னாள்.

வியாழக்கிழமை அந்த ஊசி என்ன சொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குத் தெரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போடுகிறேன். மூன்று பருவம், பதினான்கு முறை, ஹோபர்ட் லின், வெண்டல் ஓக்ஸ். எல்லாம் நான் செய்தது, எல்லாம் உண்மை, ஒரு அங்குலம்கூடக் குறைக்க வேண்டாம். ஒரே ஒரு விஷயம்தான், மேடம். எனக்காக இல்லை, அந்தப் பையனுக்காகக் கேட்கிறேன். அவனுக்குப் படித்துக் காட்டும்போது, கோச் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார் என்று வருகிறதே, அதை நான் பார்த்தேன் என்று வருகிறதே, அந்த இரண்டு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிப் போவீர்களா?