நெஞ்சுக்குள் ஒரு விரல்

அறுபதுகளின் தொடக்கம். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“மெட்ராசு டாக்டர் என் நெஞ்சுக்குள்ள ஒரு வெரலை விடப் போறாரு, அம்புட்டுத்தானே?” என்றாள் அவள். பேசும்போதே மூச்சு வாங்கியது.

“எதுக்கு விடணுங்கிறேன்?”

“நுரையீரல்லேருந்து வர்ற ரத்தம் நெஞ்சுல மேல் அறைக்கு வந்து, கீழ் அறைக்கு எறங்கணுமாம். எனக்கு நடுவுல உள்ள கதவு சரியாத் தொறக்கல. ரத்தம் நுரையீரல்லயே தேங்கிருது. அதான் நாலடி நடந்தா எளைக்குது. வெரலால அந்தக் கதவை வெலக்கி விடுவாங்க.”

“அப்ப நெஞ்சு நின்னு போயிட்டா?”

“துடிச்சிக்கிட்டு இருக்கையிலேயே செய்வாங்களாம்.”

திருவரங்குளத்தில் பஸ் நின்றது. அவர் பெட்டியோடு எழுந்தார்.

“வேணாம் புள்ள. எறங்கு, வீட்டுக்குப் போயிருவோம்.”

அவள் அசையவில்லை. “நீங்க போங்க. நான் மெட்ராசுக்குப் போறேன். நான் பெத்த மகளை நான் தூக்கிக்கிட்டு நடக்கணும்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்த கணவர், மெதுவாக உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த டாக்டர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்காரான்னு பாத்துட்டுத்தான் ஒன்னைய உள்ள அனுப்புவேன்” என்றார்.