தூக்கு வேண்டாம் என்றவன்

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது மேடம். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் இஞ்சி டீ என்று சொல்லி வெந்நீரைக் கொடுக்கிறான். உட்காரச் சொன்னதற்கும் நன்றி. மழைக்காலம் வந்தால் எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

ஜெகதீஸ்வரன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், ஊரே பார்த்திருக்க நடந்தது. ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் கேட்டால் நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

என் பெயர் தாமோதரன். எங்கள் குப்பத்துக்கு நான்தான் தலைவர். மரண தண்டனை கூடாது என்பது என் கொள்கை. போன பொங்கலுக்குப் பழவேற்காட்டில் பட்டிமன்றம் வைத்தார்கள், தூக்குத் தண்டனை தேவையா தேவையில்லையா என்று. எதிரணியில் பொன்னேரி வாத்தியார்கள், ஒரு வக்கீல். எங்கள் அணியில் கடைசியாக நான் பேசினேன். நீதிபதியும் மனுஷன், மனுஷன் தப்புப் பண்ணுவான், ஜெயிலில் போட்டவனைத் திறந்து விடலாம், குழியில் போட்டவனைத் திறந்து விட முடியுமா என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வக்கீலே வந்து கை கொடுத்தார். மேடைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். வீட்டில் நண்டு வாங்கினால்கூட, அது உயிரோடு இருக்கும்போது உடைப்பதை நான் பார்க்கமாட்டேன். வெளியே போய்விடுவேன். என் மனைவி மனோரமா குழம்பு வைத்து முடித்த பிறகுதான் வருவேன்.

இனி சிவசங்கர் விஷயத்துக்கு வருகிறேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று எங்களுக்குள் முறை உண்டு. பாடு என்போம். ஒருவன் பாட்டில் இன்னொருவன் இறங்கினால் சண்டைதான். சிவசங்கரின் பாட்டில் ஜெகதீஸ்வரன் இறங்கிவிட்டான் என்று தகராறு. கரையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்ன ஏரியிலயே முட்சிடுவேன்"னு ஜெகதீஸ்வரன் கத்தியதை ஊரே கேட்டது. மறுநாள் சிவசங்கரின் பிணம் தண்ணீரில் மிதந்தது, தலையில் காயத்தோடு. போலீஸ் வந்தது, விசாரித்தது. கொலை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஜெகதீஸ்வரனை விட்டுவிட்டது. அதில் நான் குறை சொல்லமாட்டேன். சட்டத்துக்கு ஆதாரம் வேண்டும். ஊருக்கு அவ்வளவெல்லாம் தேவைப்படுவதில்லை.

அவன் திரும்பி வந்த அன்றே அவனைக் கோயிலுக்கு எதிரே இழுத்துவந்து போட்டுவிட்டார்கள். துடுப்பு, கழி, ஆளுக்கொன்று கையில். "இவன உயிரோட வுடக்கூடாது"னு ஒரே கூச்சல். நான் நடுவில் போய்க் கையை விரித்து நின்றேன் மேடம். ஒரு கழி என் தோளிலேயே விழுந்தது. தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

"இன்னிக்கி இவன அட்சி கொன்னுடுவீங்க. நாளைக்கி இவன் செய்லன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க? எய்ந்து வாடான்னு கூப்டுவீங்களா?" என்றேன்.

கூச்சல் அடங்கியது. ஜெகதீஸ்வரன் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் மனைவி பூவிழி, இப்போது உங்களிடம் என்மேல் புகார் கொடுத்திருக்கிறாளே அவளேதான், அன்றைக்கு என்னைக் கும்பிட்டாள். அதையும் அவள் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன்.

முறைப்படி கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னேன். ஊர்க் கட்டுப்பாடு, அதாவது குடும்பத்தோடு ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது. யாரும் அவர்களோடு பேசக்கூடாது. கடையில் சாமான் கொடுக்கக்கூடாது. ஊர்க் குழாயில் அவர்கள் தண்ணீர் பிடிக்கக்கூடாது. ஏரியில் அவனுக்குப் பாடு கிடையாது. நல்லது கெட்டது எதிலும் சேர்க்கக்கூடாது. அவ்வளவுதான். ஓர் அடி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தப்பென்று தெரிந்தால் மறுநாளே எடுத்துவிடலாம். பட்டிமன்றத்தில் நான் சொன்னதும் அதுதானே. தண்டனை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

மக்களும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். சில விஷயங்களை நான் சொல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெகதீஸ்வரனின் பெண்ணோடு எந்தக் குழந்தையும் உட்காரவில்லை. அது என் உத்தரவு இல்லை. பூவிழி தண்ணீருக்குப் பழவேற்காடு வரை நடந்தாள், அரிசிக்குப் பொன்னேரிக்கு பஸ் ஏறினாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து வாசலிலேயே விழுந்து கிடந்தாளாம். பக்கத்து வீட்டு மேரி சோற்றுக்கஞ்சியைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வாயைத் திறக்கவில்லை என்பதால் மேரியை மன்னித்துவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஏரி இல்லாததால் ஜெகதீஸ்வரன் கடலுக்குப் போக ஆரம்பித்தான். படகைத் தண்ணீரில் தள்ளவே நாலு பேர் வேண்டும். அவனுக்கு யார் வருவார்கள்? மனைவியும் அவனுமாகப் பழைய படகு ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அலை திருப்பி எறியும். மறுபடி தள்ளுவார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டே நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்கக்கூடாது என்று கட்டுப்பாட்டில் இல்லை.

அப்படி இருக்கையில் தோணிரேவு கிராமத்திலிருந்து ராஜேந்திரன் என்று ஒருவன் என்னைத் தேடி வந்தான். நண்டு வியாபாரி, பொய் பேசாதவன். இத்தனை நாள் ஆந்திரா பக்கம் மகள் வீட்டில் இருந்தானாம், ஊருக்கு வந்துதான் விஷயம் தெரிந்ததாம். சிவசங்கர் செத்த அன்று ஏரியில் இவன் படகு தூரத்தில் இருந்திருக்கிறது. சிவசங்கர் நிறையக் குடித்திருந்தான், எழுந்து நின்றான், கால் தவறி எஞ்சின்மேல் மண்டை அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தான். இவன் போய்ச் சேர்வதற்குள் ஆள் முழுகிவிட்டான். போலீசுக்குப் பயந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

"ஜெகா அந்தப் பக்கமே வர்ல தலைவரே. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்"னு சொன்னான்.

நான் நம்பினேன். நம்பவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ராஜேந்திரனுக்கு மோர் கொடுத்து, திருவிழா முடியட்டும், நானே கூட்டத்தில் சொல்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்று அனுப்பிவைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அடித்துக் கொல்ல வந்தவர்களை நான் தடுத்தேன். இப்போது நான் கொடுத்த தண்டனையே தப்பு என்று ஆனால், அடுத்த தடவை என் பேச்சை எவன் கேட்பான்? நேராகத் துடுப்பைத்தான் எடுப்பான். ஒருவனுக்கு இரண்டு மாதக் கஷ்டம். அதைப் பெரிதாக்கினால், பின்னால் வரப்போகிற எத்தனையோ பேருடைய உயிருக்கு யார் பொறுப்பு? மரண தண்டனைக்கு எதிராக நான் கட்டிவைத்ததெல்லாம் இடிந்துபோகும். அதனால் பொறுத்தேன். திருவிழா முடிந்தது. அப்புறம் புயல் எச்சரிக்கை வந்தது. அப்புறம் ஒரு சாவு வீடு. கூட்டம் போட நேரம் அமையவில்லை.

ராஜேந்திரன் வாயை மூடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஜெகதீஸ்வரனிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட உட்காரும்போது அவன் வாசலில் வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான்.

"நான் செய்லன்னு உங்களுக்கு தெரியும். தெரிஞ்சிக்கினே கம்முனு கீறீங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க தலைவரே. என் பொண்ணு பேச்சையே வுட்டுட்ச்சி" என்றான்.

கட்டுப்பாடு எல்லோருக்கும் பொது. தலைவனே மீறினால் ஊர் என்ன ஆகும்? சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மனோரமா மட்டும் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. வாடைக்காற்று பலமாக இருந்தது. முகத்துவாரத்தில், அதாவது ஏரி கடலில் சேருகிற வாயில், அலை மடங்கி மடங்கி விழுந்தது. ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை, எல்லோரும் கரையில்தான் இருந்தோம். ஜெகதீஸ்வரன் மட்டும் காலையில் போயிருந்தான். திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். கையை ஆட்டினான்.

பூவிழி ஓடி வந்தாள். ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். யாரும் பேசவில்லை. அந்த அளவுக்குக் கட்டுப்பாடு என்று பின்னால் நினைத்து எனக்கே வியப்பாக இருந்தது. என் மருமகன் லோகேஷ் மட்டும் எழுந்துவிட்டான். அவனுடைய ஃபைபர் படகு தண்ணீர் ஓரத்திலேயே நின்றது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"லோகேஷு, கட்டுப்பாடு கீது" என்றேன்.

"மாமா, ஆள் முழுவுறான் மாமா. நான் பேச மாட்டேன். தூக்கி போட்டுக்கினு வந்துட்றேன்."

அவனுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். பேசக்கூடாது என்றால் வாயால் மட்டும் பேசக்கூடாது என்று அர்த்தமா? கை கொடுப்பது அதைவிடப் பெரிய பேச்சு இல்லையா? சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த ஹேண்டிலை வாங்கிக்கொண்டேன். பிடுங்கவில்லை மேடம், வாங்கினேன். பெண் கொடுத்த மாமனார் கேட்கும்போது மருமகன் எப்படி மறுப்பான்? அதை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். கனமான இரும்பு.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும்போது மனதில் ஒன்று தோன்றியது. இவன் கரைக்கு வராவிட்டால் ராஜேந்திரன் சொன்னதை நான் கூட்டத்தில் சொல்லவேண்டியதில்லை. தோன்றிய பிறகு ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், அவன் குற்றமற்றவன் என்று தெரியும். லோகேஷ் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்றும் தெரியும். கேன் தனியாக ஒதுங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ஆனால் நான் அவனைத் தொடக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே உடல் கரை ஒதுங்கியது. உடனே மைக்கில் அறிவித்தேன், கட்டுப்பாடு நீக்கப்பட்டது, எல்லோரும் சவ எடுப்புக்கு வரலாம் என்று. பார்த்தீர்களா, ஒரே வார்த்தையில் திருப்பி எடுத்துவிட்டேன். தூக்கில் இது முடியுமா? மாலையோடு நானே போனேன். பூவிழி என்னைப் பார்த்துக் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் நின்ற இடத்தில் யாருமே இல்லாதது மாதிரி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஆரம்பித்தது மேடம். எடுப்பிலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் ஒருவரும் நடக்கவில்லை. டீக்கடையில் கிளாஸை வைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. லோகேஷ் ஹேண்டிலுக்காகக்கூட என்னிடம் வரவில்லை, புதிதாக வேறு வாங்கிக்கொண்டான். என் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். மனோரமா சோறு போடுகிறாள், தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்கிறது. கேட்டால் பதில் இல்லை. திட்டினாலும் இல்லை. நேற்று நடுத்தெருவில் நின்று, யாராவது ஒருத்தர் என்னைக் கெட்ட வார்த்தையாவது சொல்லுங்கடா என்று கத்தினேன். நாய்தான் குரைத்தது.

ஒரு கூட்டம் போட்டார்களா? இல்லை. என் தரப்பைக் கேட்டார்களா? இல்லை. எத்தனை நாளைக்கு என்று சொன்னார்களா? அதுவும் இல்லை. நான் செய்தபோது எல்லாம் முறையோடு செய்தேன்.

ஆகவே மேடம், பூவிழியின் புகாரில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் புகார் ஒன்று இருக்கிறது, அதையும் பதிவு செய்ய வேண்டும். ஊர் முழுக்க என்மேல் கொலை முயற்சி செய்கிறது.